எட்டு வாரம் ஓடாதே!

உங்கள் தெருவில் நிற்கும் நாய் ஒன்றின் பின்னங்காலைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். அதன் முழங்கால் எங்கே இருக்கிறது? காலின் பாதி உயரத்தில் பின்பக்கமாக மடங்கி நிற்கிறதே, அதைத்தான் பெரும்பாலோர் சுட்டிக் காட்டுவார்கள். அது முழங்கால் அன்று; குதிகால்! நாய் விரல்களை மட்டும் ஊன்றி நடக்கும் பிராணி. ஆகவே அதன் குதிகால் தரையைத் தொடாமல் உயரத்திலேயே நிற்கிறது. உண்மையான முழங்கால் அதற்கும் மேலே, அடிவயிற்றுக்கு அருகில், நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்தபடி இருக்கிறது.

இப்போது நீங்களும் நாயைப் போல நின்று பாருங்கள். குதிகாலைத் தூக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, அப்படியே இரண்டு நிமிடம். தொடை நடுங்கத் தொடங்கிவிடும்! நாம் முழங்காலை நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறோம். நாயோ ஆயுள் முழுவதும் முழங்காலை மடக்கியே நிற்கிறது. லாப்ரடார், ராட்வைலர், நியூஃபவுண்ட்லாந்து போன்ற பெரிய நாய்களுக்கு அடிக்கடி வரும் ஒரு துன்பத்துக்கும் இந்த நிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

தொடை எலும்பின் அடிமுனை, கீழ்க்கால் எலும்பின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பிணைத்து வைப்பவை தசைநார்கள். (தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண், எலும்பை எலும்போடு சேர்ப்பது தசைநார். பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.) மூட்டின் உள்ளே இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று சிலுவைபோலக் குறுக்கே கடந்து செல்கின்றன. அவற்றுள் முன்பக்கத்து நார்தான் நம் கதாநாயகன். கால்பந்து வீரருக்கு முழங்கால் நார் அறுந்துவிட்டது என்று செய்தித்தாளில் படிக்கிறீர்களே, அதே நார்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கால்பந்து வீரருக்கு அது பெரும்பாலும் ஒரே நொடியில், ஒரு திருகலில் அறுகிறது. நாய்க்கோ, கிணற்றுக் கயிறு நாள்பட நாள்பட இழை இழையாகத் தேய்வதுபோல, மாதக்கணக்கில் நைந்து கடைசியில் ஒருநாள் அறுகிறது. பந்தை எடுக்க ஓடிய நாய் ஒரு சிறு கத்தலுடன் காலைத் தூக்கிக்கொண்டு திரும்பும். பந்தின்மேல் பழி போடுவோம். பந்து வெறும் கடைசி இழைக்குத்தான் பொறுப்பு.

ஏன் நைகிறது? ஒரு கைவண்டியைச் சரிவான பாதையில் நிறுத்தி, அது உருண்டுவிடாமல் ஒரு கயிற்றால் மரத்தில் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டியின் எடை முழுவதும் கயிற்றில் விழாது. சரிவின் வழியே இழுக்கும் பங்கு மட்டுமே விழும். சரிவு கூடக் கூட அந்தப் பங்கும் கூடும். நம் கீழ்க்கால் எலும்பின் தலை ஏறக்குறைய சமதளம். பின்பக்கம் சரிவு 5 முதல் 10 பாகை அளவுதான். நாய்க்கு இது 20 பாகைக்கு மேல்; 24, 25 பாகை சாதாரணம். நாய் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தொடை எலும்பு இந்தச் சரிவில் பின்னோக்கி வழுக்கப் பார்க்கிறது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. இதைத் தடுத்து நிறுத்தும் கயிறுதான் அந்தத் தசைநார். எடை கூடிய நாயானால் கயிற்றின் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

அறுந்த நாரைத் தைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். மூட்டு நீரில் மிதக்கும் அந்த நாருக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. தைத்தால் கூடாது. ஆகவே மருத்துவர்கள் வேறு வழி தேடினார்கள். 1952-இல் பின்லாந்தைச் சேர்ந்த சாகி பாட்சமா, நாயின் தொடையை மூடியிருக்கும் சவ்விலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய நாரின் இடத்தில் புதிய நாராகக் கோத்துக் காட்டினார். பிறகு மூட்டுக்கு வெளியே கெட்டியான நைலான் இழையைக் கட்டும் முறை வந்தது. சிறிய நாய்களுக்கு இது இன்றும் நன்றாகப் பயன்படுகிறது. 40 கிலோ நாய்க்கு? இழை தளர்ந்துபோகலாம், அறுந்தும் போகலாம்.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கால்நடை அறுவை மருத்துவர் பார்க்ளே ஸ்லோகம் வேறுவிதமாகச் சிந்தித்தார். கயிற்றை ஏன் மாற்றவேண்டும்? சரிவையே குறைத்துவிட்டால் என்ன? 1993-இல் அவர் வெளியிட்ட முறை துணிச்சலானது. அரைவட்டமாக வளைந்த ரம்பத்தால் கீழ்க்கால் எலும்பின் தலையை வெட்டி, அதைச் சற்றே சுழற்றி, சரிவை 5 பாகை அளவுக்குக் குறைத்து, உலோகத் தகடும் திருகாணிகளும் கொண்டு பொருத்திவிடுவது! கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ வண்டி 24 பாகைச் சரிவில் நின்றால் கயிற்றை ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். 5 பாகைச் சரிவில் ஒரு கிலோவுக்கும் குறைவு. (சைன் அட்டவணை உள்ளவர்கள் சரிபார்க்கலாம். உயிருள்ள மூட்டில் தசைகளின் இழுப்பும் சேர்வதால் கணக்கு இவ்வளவு எளிதல்ல, கருத்து இதுவே.) எலும்பின் வேறொரு பகுதியை முன்னால் நகர்த்தும் முறையும் 2002-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்து வந்தது. எந்த நாய்க்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தசைநார் அறுந்ததற்குச் செய்த சிகிச்சையில் இப்போது ஓர் எலும்பு வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே வீட்டுக்கு வரும் நாய், கால் எலும்பு முறிந்த நோயாளிக்குச் சமம். ஆனால் இந்த நோயாளிக்கு அது தெரியாது!

முதல் பதினான்கு நாள்

அறுவை முடிந்து வந்த நாய் ஓரிரு நாளில் விரல் நுனியைத் தரையில் தொட்டுப் பார்க்கும். மூன்று நான்கு நாளில் குதிகால் பக்கம் வீங்கும். 'முழங்காலில் அறுத்தார்கள், கணுக்கால் ஏன் வீங்குகிறது?' என்று வீட்டார் பதறுவார்கள். காரணம் வேறொன்றுமில்லை, புவியீர்ப்பு. முழங்காலைச் சுற்றிக் கசிந்த நீர் கீழே இறங்கிச் சேர்கிறது. சில நாளில் வற்றிவிடும். காயத்திலிருந்து சீழோ நாற்றமோ வந்தால் அது வேறு. உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

பனிக்கட்டியை ஒரு துணியில் சுற்றி, மருத்துவர் சொன்னபடி நாளுக்கு மூன்று நான்கு முறை, 10 முதல் 15 நிமிடம் ஒற்றி எடுக்கலாம். குளிர்ச்சியில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். வீக்கமும் வலியும் குறையும். நேரடியாகத் தோலில் வைக்கக்கூடாது. அங்கே முடியை மழித்திருப்பார்கள் அல்லவா?

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கழுத்தில் புனல் போன்ற பிளாஸ்டிக் பட்டை இருக்கவேண்டும். நாய் நக்கினால் காயம் ஆறும் என்று பாட்டி சொல்லக்கூடும். இந்த ஒரு விஷயத்தில் பாட்டி சொல்லைத் தட்டுங்கள். நாயின் வாயில் கிருமிகள் ஏராளம். தையலைப் பிரிக்க அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வலி மாத்திரையில் இன்னும் கவனம் தேவை. வீட்டு அலமாரியில் இருக்கும் இபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கென மருத்துவர் எழுதித் தந்ததை மட்டும், எழுதித் தந்த அளவில் மட்டும்.

நாயை வெளியே கொண்டுபோவது எப்படி? பெரிய தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை நீளவாக்கில் மடித்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே வயிற்றின் அடியில் கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கவேண்டாம், வழுக்கினால் தாங்குவதற்குத் தயாராக இருந்தால் போதும். நாயின் எடையில் 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் விழுகிறது. 40 கிலோ நாய் நிற்கும்போது பின்னங்கால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 8 கிலோதான். ஆகவே நீங்கள் தாங்கும் சுமையும் பயப்படும் அளவுக்கு இராது.

அடுத்தது தரை. மொசைக்கும் கிரானைட்டும் நமக்கு அழகு. மூன்று காலில் நிற்கும் நாய்க்கு அது பனிப்பாறை. நாய் நடமாடும் இடத்தில் ரப்பர் அடி வைத்த மிதியடிகளைப் போடுங்கள். வெறும் சாக்கு வேண்டாம். நாயோடு சேர்ந்து அதுவும் வழுக்கும்! மாடிப்படியை ஒரு பலகையால் மறித்துவிடுங்கள்.

மூன்றாம் வாரம்: அபாயம்!

இந்தத் தலைப்பைப் பார்த்து வியக்கிறீர்களா? தையல் பிரித்தாயிற்று. வீக்கம் வற்றிவிட்டது. நாய் நான்கு காலிலும் நடக்கிறது. வாசலில் மணியடித்தால் வாலை ஆட்டிக்கொண்டு எழுகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் ஆறியிருப்பது தோல், எலும்பு அல்ல.

வெட்டிய இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு புதிய செல்கள் வந்து மென்மையான இணைப்புத் திசுவை நெய்கின்றன. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகினால்தான் அது எலும்பு. வளர்ந்த நாய்க்கு இந்த வேலை முடிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் வேலை பாதிகூட ஆகவில்லை. அதுவரை காலைத் தாங்கி நிற்பது அந்தத் தகடும் சில திருகாணிகளும்தான்.

ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னுமாக வளைத்துப் பாருங்கள். முதல் வளைவில் ஒன்றும் ஆகாது. பலமுறை வளைத்தால் சட்டென்று ஒடியும். உலோகச் சோர்வு என்பது இதுவே. தகட்டுக்கும் இது பொருந்தும். எலும்பு கூடுவது முந்துமா, உலோகம் சோர்வது முந்துமா என்ற பந்தயம் நாயின் காலுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. சோபாவிலிருந்து ஒரு குதி, பூனையைக் கண்டு ஒரு பாய்ச்சல், இவை பந்தயத்தின் முடிவையே மாற்றிவிடலாம். நன்றாக நடந்த நாய் திடீரென்று மறுபடி காலைத் தூக்கிக்கொண்டால் காத்திருக்காதீர்கள். அன்றே எக்ஸ்ரே பார்க்கவேண்டும்.

ஆகவே எட்டு வாரமும் சிறிய அறை, வெளியே போனால் குட்டையான சங்கிலி. விருந்தினர் வந்தால் முதலில் நாயைக் கட்டுங்கள், பிறகு கதவைத் திறங்கள்.

அப்படியானால் படுத்தே கிடக்கட்டுமா? அதுவும் தவறு. பயன்படுத்தாத தசை வெகு விரைவில் மெலிந்துவிடும். ஒரு தையல் டேப்பை எடுத்து இரு தொடைகளின் சுற்றளவையும் ஒரே இடத்தில், வாரம் ஒருமுறை அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். அறுவை செய்த தொடை சில சென்டிமீட்டர் இளைத்திருப்பதையும், பின்னர் மெல்ல மெல்ல ஏறுவதையும் நீங்களே காணலாம். மருத்துவருக்கும் அந்த நோட்டு உதவும்.

தசையை மீட்க மருத்துவர் சொல்லும் முதல் பயிற்சி நடைதான். ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேகமாக நடத்தினால் நாய் தந்திரமாக மூன்று காலில் தாவிப் போய்விடும். மிக மிக மெதுவாக நடத்தினால் அந்தத் தந்திரம் பலிக்காது. நான்காவது காலையும் ஊன்றியே தீரவேண்டும். கல்யாண ஊர்வலத்தைவிட மெதுவாக நடக்கவேண்டும்! பள்ளிக்கு நேரமாகிறது என்று பறப்பவர்கள் இந்தப் பொறுப்பை ஏற்காமலிருப்பது நல்லது.

சில மருத்துவமனைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் பட்டை வைத்து, நீர் நிரப்பி, நாயை நடக்க விடுகிறார்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இங்கே மருந்தாகிறது. நீர் கணுக்கால் மட்டம் இருந்தால் நாயின் கால்கள் தாங்குவது அதன் எடையில் 91 விழுக்காடு. முழங்கால் மட்டத்தில் 85. இடுப்பு மட்டத்துக்கு ஏறினால் வெறும் 38! காலில் பாரமின்றித் தசைக்கு வேலை. உடனே நாயைக் குளத்தில் இறக்கிவிடாதீர்கள். கரையேறும்போது வழுக்கும், நீரில் கண்டபடி உதைக்கும். மருத்துவர் சொல்லும் நாள் வரட்டும்.

இன்னொரு பக்கம் சாப்பாடு. ஓட்டமில்லாத நாய்க்குப் பழைய அளவே சோறு போட்டால் எடை ஏறும். மூட்டின்மேல் பாரம் ஏறும். பரிதாபப்பட்டு ஆளுக்கொரு பிஸ்கட் கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய குற்றம். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. உடன்பிறந்தவற்றை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டால் எடை சரி. தேடவேண்டியிருந்தால் பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த பீன்ஸ் கொடுங்கள்.

அடைபட்ட நாய்க்குப் பொழுதும் போகவேண்டும். தனக்குரிய உணவில் கொஞ்சத்தைப் பழைய துண்டுக்குள் சுருட்டி வையுங்கள். மோப்பம் பிடித்துப் பிரித்தெடுக்க அது கால்மணி நேரம் பாடுபடும். மூக்குக்கு வேலை கொடுத்தால் காலுக்கு ஓய்வு!

எட்டாம் வாரம் எக்ஸ்ரே எடுப்பார்கள். அறுவை முடிந்த அன்று எடுத்த படத்தில் எலும்பின் குறுக்கே வளைவாக ஒரு கறுப்புக்கோடு தெரியும். புதிய படத்தில் அந்தக் கோடு மங்கி வெள்ளை படர்ந்திருந்தால் எலும்பு கூடிவிட்டது. இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி மருத்துவரைக் கேளுங்கள், மறுக்கமாட்டார். அதன்பிறகும் ஒரேயடியாக அவிழ்த்துவிடுவதில்லை. முதலில் நீளமான கயிறு, சிறிது மேடான பாதை, பிறகு சில நிமிடம் மெல்லோட்டம் என்று இன்னும் ஒரு மாதமாவது ஆகும். அந்த நாள்களில் அடுத்த பின்னங்காலையும் கவனித்து வாருங்கள். ஒரு முழங்காலில் நார் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்குப் பின்னொரு நாளில் மறு காலிலும் அறுகிறது. உட்காரும்போது ஒரு காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைக்கிறதா, தூங்கி எழுந்ததும் சில அடி நொண்டுகிறதா என்று பாருங்கள். பார்த்த தேதியை அதே நோட்டில் எழுதி வையுங்கள்.