ஜோ யாரைக் கட்டிக்கிட்டா? டீன் ஏஜ் நாயகிகளை 150 வருடமாகத் துரத்தும் கேள்வி

1868-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'லிட்டில் விமன்' என்ற நாவல் வெளியாகிறது. நான்கு அக்கா தங்கைகள், போருக்குப் போன அப்பா, பணக் கஷ்டத்தில் வீட்டை நடத்தும் அம்மா. இவ்வளவுதான் கதை. நால்வரில் இரண்டாவது பெண் ஜோ. முன்கோபக்காரி, மனதில் பட்டதைப் பட்டென்று பேசிவிடுவாள், பரண் அறையில் உட்கார்ந்து கதை எழுதுவாள். பக்கத்து வீட்டுப் பணக்காரப் பையன் லாரி அவளுக்கு உயிர்த்தோழன்.

அச்சடித்த 2,000 பிரதிகளும் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. கூடவே, எழுதிய லூயிசா மே ஆல்காட்டுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. அனுப்பியவர்கள் இளம்பெண்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்தப் பெண்கள் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறார்கள்? அதிலும் குறிப்பாக, ஜோவுக்கும் லாரிக்கும் எப்போது கல்யாணம்?

ஆல்காட்டுக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குக் கல்யாணம் மட்டும்தான் லட்சியமா என்று டைரியில் அலுத்துக்கொண்டார். யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்றும் எழுதிவைத்தார்.

சொன்னபடியே செய்தார். 1869-ல் வந்த இரண்டாம் பாகத்தில் லாரி காதலைச் சொல்கிறான், ஜோ மறுத்துவிடுகிறாள். அவன் போய்க் கடைசித் தங்கை ஏமியைக் கட்டிக்கொள்கிறான். ஜோவைக் கடைசிவரை கல்யாணமே ஆகாத எழுத்தாளராக விட்டுவிட வேண்டும் என்பதுதான் ஆல்காட்டின் ஆசை. அவரும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர்தான். ஆனால் வாசகிகள் விடவில்லை. சரி, கல்யாணம்தானே வேண்டும் என்று, வயதில் மூத்த, பணமும் இல்லாத, அழகனும் இல்லாத ஒரு ஜெர்மன் பேராசிரியரைக் கொண்டுவந்து ஜோவுக்குக் கட்டிவைத்தார். வேண்டுமென்றே செய்த குறும்பு என்று தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வார இதழ்த் தொடர்கதையோடு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, அவருக்கு என்ன ஆயிற்று, இவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட வாசகர்களுக்காகக் கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. ஆனால் ஜோ விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. கேட்டவர்களும் பெண்கள், கேட்கப்பட்டவளும் பெண். அன்று தொடங்கிய அந்த விசாரணை இன்னும் முடிந்தபாடில்லை.

வயது 16, பின்னால் இரண்டு பையன்கள்

உங்கள் வீட்டில் ஆங்கில நாவலும் கையுமாக ஒரு பிள்ளை இருந்தால் 'ட்விலைட்', 'ஹங்கர் கேம்ஸ்', 'டைவர்ஜென்ட்' என்ற பெயர்கள் காதில் விழுந்திருக்கும். டீன் ஏஜ் வாசகர்களுக்கான இந்த வகைக்கு யங் அடல்ட் என்று பெயர். பத்துப் புத்தகம் படித்த எந்தப் பிள்ளையும் இதன் ஃபார்முலாவை மனப்பாடமாக ஒப்பிக்கும்.

நாயகிக்கு வயது 16. அப்பாவோ அம்மாவோ இருக்க மாட்டார்கள். இருந்தாலும் சமயத்துக்கு உதவ மாட்டார்கள். கண்ணாடியைப் பார்த்து 'நான் சுமார்தான்' என்று நினைப்பாள், ஆனால் இரண்டு பையன்கள் அவள் பின்னால் சுற்றுவார்கள். ஒருவன் இதமானவன், இன்னொருவன் ஆபத்தானவன். உலகத்தைக் காப்பாற்றும் வேலை வேறு அவள் தலையில் விழும். இதற்கு நடுவில் ஹோம்வொர்க் எப்போது செய்கிறாள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இதில் வாசகர்களை அதிகம் கடுப்பேற்றுவது, நாயகி 'மற்ற பெண்கள் மாதிரி இல்லை' என்ற அறிமுகம். மற்ற பெண்களுக்கு மேக்கப்பும் வம்பும்; இவளுக்குப் புத்தகமும் வில்லும். எல்லா நாயகிகளும் மற்ற பெண்கள் மாதிரி இல்லை என்றால் அந்த மற்ற பெண்கள்தான் யார்? படித்துக்கொண்டிருக்கும் பெண்தான். நெயில் பாலிஷ் பிடிக்கும் ஒரு 13 வயதுப் பெண், அது பிடிப்பதே தன் குறை என்று இந்தப் புத்தகங்களிலிருந்து கற்றுக்கொள்ள முடியும். முக்கோணக் காதலைக்கூட மன்னித்துவிடலாம், இதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

பெல்லா செய்த குற்றம்

2005-ல் ஸ்டெஃபெனி மேயரின் 'ட்விலைட்' வந்தது. ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊருக்கு, பிரிந்து வாழும் அப்பாவோடு இருக்க வருகிறாள் பெல்லா. நடந்தால் தடுக்கி விழுவாள். ரத்தக்காட்டேரி எட்வர்ட் மேல் காதல். ஓநாயாக மாறும் ஜேக்கப் அவளைக் காதலிக்கிறான். வாசகர்கள் டீம் எட்வர்ட், டீம் ஜேக்கப் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள், டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அலைந்தார்கள்.

டீம் பெல்லா என்ற கட்சி மட்டும் பெரிதாக எழவில்லை. அவளுக்குக் கிடைத்தது வசவுதான். முதுகெலும்பு இல்லாதவள், காதலனைத் தவிர வேறு உலகம் தெரியாதவள் என்றார்கள். இரண்டாம் பாகத்தில் எட்வர்ட் அவளை விட்டுப் போனதும், அக்டோபர், நவம்பர் என்று மாதத்தின் பெயரை மட்டும் அச்சடித்த வெற்றுப் பக்கங்கள் வரும். அந்த மாதங்களில் அவளிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. அதைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. ஆனால் காதலித்தவன் விட்டுப்போன ஒரு 18 வயதுப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பக்கங்களில் எழுத்து இல்லை என்று அவள் சொல்ல மாட்டாள்.

விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெண் தூங்கும் அறைக்குள் இரவில் அவளுக்குத் தெரியாமல் வந்து நிற்பவனை, அவள் காரைப் பழுதாக்கிப் போகவிடாமல் தடுப்பவனை எப்படிக் காதலன் என்பது? பெற்றவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இது. ஆனால் அத்தனையும் செய்தவன் எட்வர்ட். அவன் டி-ஷர்ட்டில் ஏறினான். திட்டு பெல்லாவுக்கு விழுந்தது.

இந்த வசவு மேயரையும் உறுத்தியிருக்க வேண்டும். 2015-ல், நாவலின் பத்தாவது ஆண்டில், 'லைஃப் அண்ட் டெத்' என்று அதே கதையை ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி எழுதினார். பெல்லா, போ என்ற பையன் ஆனாள். எட்வர்ட், ஈடித் என்ற பெண் ஆனான். அதீத சக்தி உள்ளவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சாதாரண மனிதர் ஆணாக இருந்தாலும் இப்படித்தான் தவிப்பார் என்பது மேயரின் வாதம். போவும் தடுக்கித்தான் விழுகிறான், காதலிக்காக உயிரையும் கொடுக்கத் தயாராகிறான். ஒரு பையன் இதையெல்லாம் செய்யும்போது அவனை முதுகெலும்பு இல்லாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாவம் என்றுதான் தோன்றியது. அந்தத் தயக்கமே மேயரின் வாதத்துக்குப் பாதி சாட்சி.

கேட்னிஸும் ஒரு கிண்ணம் சூப்பும்

பெல்லாவைத் திட்டியவர்கள் உதாரணம் காட்டியது கேட்னிஸை. சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' 2008-ல் வந்தது. சுரங்க வெடிப்பில் அப்பா செத்துப்போக, அம்மா இடிந்துபோய் உட்கார்ந்துவிட, வில் அம்போடு வேட்டையாடிக் குடும்பத்துக்குச் சோறு போடும் 16 வயதுப் பெண் கேட்னிஸ். 24 பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு அரசாங்கம் டி.வி-யில் ஒளிபரப்பும் போட்டிக்கு 12 வயதுத் தங்கையின் பெயர் வருகிறது. தங்கைக்குப் பதிலாகத் தானே போகிறாள்.

இவளுக்கும் இரண்டு பையன்கள் உண்டு. ஊரில் வேட்டைத் தோழன் கேல்; போட்டியில் கூட வந்த பீட்டா. உடனே டீம் கேல், டீம் பீட்டா கிளம்பிவிட்டது.

புத்தகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இங்கே ஒரு வேடிக்கை தெரியும். போட்டிக்கு முந்தைய டி.வி பேட்டியில் பீட்டா, தான் கேட்னிஸைக் காதலிப்பதாகச் சொல்கிறான். அவளுக்கு ஆத்திரம், பேட்டி முடிந்ததும் அவனைப் பிடித்துத் தள்ளிவிடுகிறாள். வழிகாட்டி ஹேமிட்ச் அவளுக்குக் கணக்கைப் புரியவைக்கிறார்: காதல் கதை இருந்தால்தான் தலைநகரத்துப் பணக்காரர்களுக்கு உன்மேல் ஆர்வம் வரும், ஆர்வம் வந்தால்தான் பரிசு அனுப்புவார்கள், பரிசு வந்தால்தான் நீ பிழைப்பாய்.

பிறகு குகைக்குள் பீட்டா காயத்தோடு காய்ச்சலில் கிடக்கிறான். கேட்னிஸ் அவனை முத்தமிடுகிறாள். சற்று நேரத்தில் வானத்திலிருந்து ஒரு குட்டி பாராசூட்டில் சூப் வந்து இறங்குகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு கிண்ணம் சூப். காதலியாக நடித்தால்தான் சாப்பாடு என்று அவளுக்கு விளங்கிவிடுகிறது. நடிப்பு எங்கே முடிந்து நிஜம் எங்கே தொடங்கியது என்று பிறகு அவளுக்கே தெரியாமல் போவதுதான் கொடுமை.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நாம் டீம் பிரித்தோம். கேட்னிஸ் யாரைக் கட்டிக்கொள்வாள் என்று ஆவலோடு காத்திருப்பவர்கள் அந்த நாவலுக்குள்ளேயும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சாவதைச் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் தலைநகரத்து மக்கள் அவர்கள். ரியாலிட்டி ஷோவையும் இராக் போர்க் காட்சிகளையும் டி.வி-யில் மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான் இந்தக் கதை தோன்றியதாகக் காலின்ஸ் சொல்லியிருக்கிறார்.

2012-ல் படம் வந்தபோது இன்னொரு கூத்து. போட்டியில் கேட்னிஸோடு கைகோக்கும் 12 வயதுச் சிறுமி ரூ, கறுப்பினத்தைச் சேர்ந்த அமாண்ட்லா ஸ்டென்பெர்க் நடித்த பாத்திரம். ரூவை வேறு மாதிரி நினைத்திருந்தோம், இவள் செத்தபோது அழுகை வரவில்லை என்கிற ரீதியில் சிலர் ட்விட்டரில் எழுதினார்கள். ரூவின் தோல் அடர் பழுப்பு நிறம் என்று நாவலிலேயே இருக்கிறது. பிடித்த பாத்திரம் என்றதும் அந்த வரியைக் கண் தாண்டிப் போயிருக்கிறது.

வில்லும் கையுமாக நின்றவரை கேட்னிஸுக்குக் கைதட்டல். 2010-ல் வந்த மூன்றாம் பாகத்தில் அவள் உடைந்துபோகிறாள். அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள், கெட்ட கனவில் அலறுகிறாள். யாரைக் காப்பாற்றக் கிளம்பினாளோ அந்தத் தங்கையே சாகிறாள். நம் வீராங்கனையை இப்படிச் செய்துவிட்டாரே என்று பல வாசகர்களுக்குக் கோபம். இரண்டு முறை கொலைக்களத்திலிருந்து மீண்ட 17 வயதுப் பெண் வேறு எப்படி இருப்பாள்? காலின்ஸின் அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். போர் முடிந்து வீடு திரும்புகிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும்.

இறந்தாலும் விடுவதில்லை

வெரோனிகா ராத் 'டைவர்ஜென்ட்' எழுதத் தொடங்கியது கல்லூரி விடுமுறையில். 2011-ல் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 22. நாயகி ட்ரிஸ், துணிச்சல்காரி. 2013 அக்டோபரில் வந்த மூன்றாம் பாகத்தில், தம்பிக்குப் பதில் தம்பி இடத்தில் யாரோ இல்லை, சொந்த அண்ணனுக்குப் பதிலாகவே சாகப் போகிறாள். அதுவும் தன்னைக் காட்டிக்கொடுத்த அண்ணன். காதலனோடு சுபம் போடும் கடைசிப் பக்கத்துக்காகக் காத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஆன்லைன் கடைகளில் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டியது. ட்ரிஸ் ஏன் இறக்க வேண்டியிருந்தது என்று ராத் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. தியாகம் என்பது என்ன என்று முதல் பாகத்திலிருந்தே தேடும் பெண்ணுக்கு இந்த முடிவு பொருத்தம்தான் என்பது என் கட்சி.

ஆக, அழுதால் பலவீனம், உடைந்தால் ஏமாற்றம், செத்தால் துரோகம். சரி, எல்லாவற்றிலும் ஜெயித்தால்? அதற்கும் ஒரு பட்டம் தயாராக இருக்கிறது: மேரி சூ. 1973-ல் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் எழுதிக் குவித்த கதைகளைக் கிண்டலடித்து பாலா ஸ்மித் ஒரு குட்டிக் கதை எழுதினார். அதில் வரும் பதினைந்தரை வயது லெஃப்டினென்ட்தான் மேரி சூ. எதிலும் கெட்டிக்காரி, எல்லோருக்கும் செல்லம். அனுபவம் இல்லாத எழுத்தைக் கேலி செய்யப் பிறந்த பெயர், போகப் போகத் திறமைசாலியான எந்த நாயகி மேலும் ஒட்டும் லேபிள் ஆகிவிட்டது. பத்து பேரை ஒற்றை ஆளாக அடித்துப்போடும் நாயகர்களிடம் இந்தக் கணக்கை யாரும் இவ்வளவு கறாராகக் கேட்பதில்லை.

ஜோவுக்கு வருவோம். 2019-ல் கிரெட்டா கெர்விக் 'லிட்டில் விமன்' கதையைப் படமாக்கினார். அதில் ஜோ எழுதிய நாவலோடு பதிப்பாளர் முன் உட்கார்ந்திருக்கிறாள். நாயகி பெண் என்றால் கதை முடிவதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும், இதுதான் அவர் போடும் நிபந்தனை. ஜோ சண்டை போடவில்லை, பேரம் பேசுகிறாள். நாயகிக்குக் கல்யாணம் செய்துவைக்கச் சம்மதிக்கிறாள், பதிலுக்கு ராயல்டியை 5 சதவிகிதத்திலிருந்து 6.6 சதவிகிதத்துக்கு ஏற்றிக்கொள்கிறாள். காப்புரிமையை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்துவிடுகிறாள். நிஜத்தில் ஆல்காட்டும் காப்புரிமையை விற்கவில்லை. ஜோவைப் பேராசிரியருக்குக் கட்டிவைத்த அந்தப் புத்தகத்தின் வருமானம்தான் அவருடைய குடும்பத்தின் கடன்களை அடைத்தது.