குளத்து நீர்வண்டு: நண்பனா, பகைவனா?

நம் கிராமங்களிலுள்ள ஏரி, குளம், ஊருணி, நெல்வயல் ஆகியவற்றில் பலவகைப் பூச்சிகள் வாழ்கின்றன. இவற்றுள் எவை நமக்கு உதவுவன, எவை இடையூறு செய்வன என்பதை ஆராயாமல், எல்லாவற்றையும் மருந்து தெளித்து அழிக்க முற்படுவது நன்றன்று. நீரில் மூழ்கி இரை தேடும் வண்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இது கொசுப்புழுவையும் தின்னும், மீன்குஞ்சையும் தின்னும். எனவே இதனை அடையாளம் கண்டு, இடத்திற்கேற்ப நடந்துகொள்வது எவ்வாறு என்பதை இங்கே காண்போம்.

அடையாளங்கள்

நீரில் மூழ்கும் வண்டுகளில் உலகெங்கும் 4,000-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. நம் நாட்டு நீர்நிலைகளில் காணப்படும் பெரிய இனங்களுள் ஒன்று ‘சிபிஸ்டர் திரிபங்டேட்டஸ்’ என்பது. 1795-ஆம் ஆண்டில் ஒலிவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை விவரித்தார். இவ்வண்டு சுமார் இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குல நீளம் இருக்கும். உடல் முட்டை வடிவமானது, வழவழப்பானது. முதுகு பச்சை கலந்த கருநிறம். இருபுற விளிம்பிலும் மஞ்சள் கரை ஓடும். பின்னங்கால்கள் தட்டையாய், மயிர் அடர்ந்து, துடுப்புப் போல் அமைந்திருக்கும். ஆணின் முன்னங்கால்களில் வட்டமான ஒட்டுறுப்புகள் உண்டு.

அழுகிய தாவரங்களைத் தின்னும் மற்றொரு பெரிய கறுப்பு நீர்வண்டையும் இதனையும் பலர் ஒன்றெனக் கருதுவர். வேறுபாடு காண்பது எளிது. மூழ்கும் வண்டு பின்னங்கால் இரண்டையும் ஒருசேர வீசி நீந்தும். மற்றது கால்களை மாற்றி மாற்றி வீசும். முன்னதன் உணர்கொம்பு நூல் போன்றது. பின்னதன் உணர்கொம்பின் நுனி தடித்திருக்கும். காற்றுக்காக மேலே வரும்போது முன்னது வாற்புறத்தையும், பின்னது தலையையும் நீர்மட்டத்திற்குக் கொண்டுவரும்.

வாழிடமும் வளர்ச்சியும்

ஓட்டமில்லாத, செடிகொடி நிறைந்த ஆழமற்ற நீரே இதற்கு உகந்தது. பெண் வண்டு நீர்ச்செடிகளின் தண்டினுள் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு நீண்ட உடலும் அரிவாள் போன்ற தாடைகளும் உடையது. அத்தாடைகளின் வழியே இரையின் உடலுள் செரிமான நீரைச் செலுத்திக் கரைத்து உறிஞ்சும். முதிர்ந்த புழு கரையேறி, ஈரமண்ணில் அறை அமைத்துக் கூட்டுப்புழுவாகும். பின்னர் வண்டாகி நீருக்குத் திரும்பும். நீர் வற்றினால் இரவில் பறந்து வேறு நீர்நிலையை அடையும். விளக்கொளியை நாடி வருவதும் உண்டு.

இவ்வாறு நீர், செடி, மண்கரை ஆகிய மூன்றும் இதன் வாழ்வுக்கு வேண்டும். குளத்தின் நான்கு புறமும் சிமெண்டுச் சுவர் எழுப்பி, செடிகள் அனைத்தையும் களைந்துவிட்டால், இவ்வண்டு அங்கே பெருக வழியில்லை.

நாம் செய்ய வேண்டுவன

பொதுக்குளத்திலும் வயலிலும் இவ்வண்டை விட்டுவைப்பதே நலம். அங்கே கொசுப்புழுக்களை இரையாகக் கொள்ளும் உயிர்களுள் இதுவும் ஒன்று. தேவையின்றிப் பூச்சிமருந்து தெளித்தால், கொசுவோடு அதன் பகைவரும் மடிவர். ஆயினும் இவ்வண்டு ஒன்றே கொசுவை ஒழித்துவிடும் என எண்ணுதல் கூடாது. வீட்டுத் தொட்டி, பழைய டயர் முதலியவற்றில் தேங்கும் நீரை நாமே அகற்ற வேண்டும்.

மீன்குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளத்தின் நிலை வேறு. அங்கே இவ்வண்டும் அதன் புழுவும் பெருஞ்சேதம் விளைவிக்கும். ஆதலால், கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விடுவதற்கு முன் நெருங்கிய கண்ணியுள்ள வலையால் பூச்சிகளை அரித்தெடுக்க வேண்டும். பிறகு, ஹெக்டேருக்கு 18 கிலோ சலவைச் சோப்பை நீரில் கரைத்து, 56 கிலோ தாவர எண்ணெயுடன் கலந்து, காற்றில்லாத நாளில் நீர்ப்பரப்பில் தெளிக்கலாம். எண்ணெய்ப் படலம் காற்றைத் தடுப்பதால், மூச்சுவிட மேலே வரும் பூச்சிகள் மடியும். குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரத்திற்கு முன் இதனைச் செய்தல் வேண்டும்.

குளம் தூர் வாரும்போது ஒரு பகுதிக் கரையையேனும் மண்கரையாகவும், ஓரத்துச் செடிகளில் சிலவற்றையேனும் அழியாமலும் விட்டுவைக்கப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்வர வேண்டும். மீன்குளத்தில் விலக்கி, பொதுக்குளத்தில் காப்பதே இவ்வண்டின் பயனை நாம் பெறும் வழியாகும்.