ஆங்கில நிபந்தனைத் தொடர்களில் இடப்பெயரும் பெயரடைப் பயனிலையும்: தமிழாக்க நோக்கு

அன்றாட ஆங்கிலத்தின் நிபந்தனைத் தொடர்களைத் தமிழாக்குவோர், ‘இஃப்’ என்னும் சொல்லுக்கு நேராக ‘-ஆல்’ ஈற்று வினையெச்சத்தை அமைத்ததும் பணி முடிந்ததெனக் கருதிவிடுவதுண்டு. இரு மொழிகளும் இவ்விடத்தில் ஒத்து நடப்பனபோல் தோன்றுவதே இதற்குக் காரணம். ஆயின், கூறப்படும் நிபந்தனை மெய்யாகக்கூடியதா, வெறும் எண்ணமா என்பதை ஆங்கிலம் நிபந்தனைத் தொடரின் வினையிலேயே காட்டத் தொடங்கிவிடுகிறது. தமிழோ அதனைப் பெரும்பாலும் முதன்மைத் தொடருக்கு ஒத்திவைக்கிறது. இவ்வேறுபாடு நன்கு புலப்படும் இடம், இடப்பெயர் எழுவாயாகவும் பெயரடை பயனிலையாகவும் வர, இடையே ‘பி’ வினை நிற்கும் தொடர்களாகும்.

பின்வரும் மூன்று தொடர்களை நோக்கலாம்.

(1) இஃப் ஹி இஸ் ஆனஸ்ட், ஹி வில் அட்மிட் இட்.
(2) இஃப் ஹி வேர் ஆனஸ்ட், ஹி வுட் அட்மிட் இட்.
(3) இஃப் ஹி ஹேட் பீன் ஆனஸ்ட், ஹி வுட் ஹேவ் அட்மிட்டட் இட்.

முதல் தொடரைக் கூறுபவர் அம்மனிதரின் நேர்மை பற்றி எம்முடிவும் கொள்ளவில்லை. இரண்டாவதைக் கூறுபவர் அவர் நேர்மையற்றவர் என்றே ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். மூன்றாவது, அதே முடிவை இறந்தகாலத்துக்குக் கொண்டுசெல்கிறது. குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணம் முதல் வகையைத் திறந்த நிபந்தனை என்றும், ஏனையவற்றைக் கருதுகோள் நிபந்தனை என்றும் பிரிக்கிறது. (2)-இல் உள்ள இறந்தகால வடிவம் காலத்தைக் குறிப்பதன்று; மெய்ந்நிலையிலிருந்து விலகி நிற்றலைக் குறிப்பது. யெஸ்பெர்சன் இதனை இறந்தகாலத்தின் கற்பனைப் பயன்பாடு என்றே விளக்கினார்.

‘வேர்’ என்னும் வடிவம் தனியே ஆராயத்தக்கது. ‘பி’ வினை நிகழ்காலத்தில் ‘ஐ ஏம், யூ ஆர், ஹி இஸ்’ என இடத்துக்கேற்ப மூன்றாகத் திரிகிறது. இறந்தகாலத்தில் ‘வாஸ், வேர்’ என இரண்டாகிறது. கருதுகோள் நிபந்தனையிலோ ‘ஐ வேர், யூ வேர், ஹி வேர், இட் வேர்’ என எல்லா இடத்துக்கும் ஒரே வடிவம் வருகிறது. ஒருமை எழுவாய்க்குப் பன்மை வினை வந்தது என்று வகுப்பறைகளில் இதற்குக் கூறப்படும் விளக்கம் பொருந்தாது. பழைய ஆங்கிலத்தில் கருத்துநிலை வினைக்குத் தனியே அமைந்திருந்த ஒருமை வடிவத்தின் எச்சமே இது. ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் இதற்கு மெய்யிலா ‘வேர்’ எனப் பொருள்படும் தனிப்பெயரே சூட்டியுள்ளனர். பிற வினைகளில் இத்தகைய எச்சம் எதுவும் தங்கவில்லை. ‘இஃப் ஹி நியூ’ என்பதில் வருவது வழக்கமான இறந்தகால வடிவமே. எனவே பெயரடைப் பயனிலையைத் தாங்கும் ‘பி’ வினை ஒன்றுதான் மெய்யின்மைக்குரிய தனி வடிவத்தைக் காத்துவருகிறது.

இடவேறுபாடு மறைதல் தமிழுக்குப் புதிதன்று. ‘நான் வந்தால், நீ வந்தால், அவர்கள் வந்தால்’ என நிபந்தனை எச்சம் இடம், பால், எண் எதற்கும் திரிவதில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றாகக் கூறும் ‘செயின்’ என்பதும் அத்தகையதே. ஆனால் ஒப்புமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் இடவேறுபாடு மறைவது மெய்யின்மைக்கு அடையாளம். தமிழில் அது எச்சத்தின் பொதுவியல்பு. இறந்தகால வடிவம் பற்றியும் இவ்வாறே கூறலாம். ‘வந்தால்’ என்பதில் இறந்தகால அடி உள்ளது. எனினும் ‘நாளை வந்தால்’ என்பது இயல்பான வழக்கு. அவ்வடி இறந்தகாலத்தையும் காட்டுவதில்லை, மெய்யின்மையையும் காட்டுவதில்லை. விளைவுக்கு முன்னர் நிபந்தனை நிறைவேற வேண்டும் என்பதை மட்டுமே அது உணர்த்துகிறது எனக் கொள்ளலாம். இரு மொழிகளும் இறந்தகால வடிவத்தை ஆள்வதைக் கண்டு, அவை ஒரே பொருளைத் தருவதாக எண்ணுவது பிழை.

மேற்கண்ட (1), (2) ஆகிய இரண்டுமே ‘அவர் நேர்மையானவராக இருந்தால் இதை ஒப்புக்கொள்வார்’ என்று தமிழாக்கப்படும்போது இதன் விளைவு தெரியவரும். முதலாவதற்கு இது பொருந்தும். இரண்டாவதற்கு இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் சொன்னவர் வைத்த குற்றச்சாட்டு காணாமற்போகிறது. சாட்சியத்தையோ பேட்டியையோ மொழிபெயர்க்குமிடத்து இது சிறிய இழப்பன்று. மறுதலையாக, (1)-ஐ மெய்யின்மை தொனிக்க எழுதினால் எவரும் சொல்லாத பழி ஒருவர் வாயில் ஏற்றப்பட்டுவிடும்.

பெயரடைப் பயனிலையை நிபந்தனையாக்கத் தமிழ் மூன்று வழிகளைத் தருகிறது. ‘நேர்மையானவராக இருந்தால்’ என்பது நடுநிலை உடையது. ‘நேர்மையானவர் என்றால்’ என்பது பிறர் சொன்னதையோ முன்னர் ஏற்றுக்கொண்டதையோ அடிப்படையாக்கி, அதிலிருந்து முடிவுக்குச் செல்கிறது. எனவே இது திறந்த நிபந்தனைக்கே உரியது. (2)-க்கு ஒருபோதும் பொருந்தாது. ‘நேர்மையானவர் ஆனால்’ என்பதில் ஆக்கப்பொருள் மேலோங்கி, இனிமேல் அவ்வாறு மாறினால் என்று பொருள் திரிய இடமுண்டு. போதாக்குறைக்கு, ‘ஆனால்’ எதிர்நிலை இணைப்புச் சொல்லாகவும் உறைந்துவிட்டமையால் படிப்போரை அது இடறவும் செய்யும். ‘ஆயின்’, ‘எனில்’ ஆகியன எழுத்து வழக்கில் இன்றும் உதவுகின்றன. உரையாடலை மொழிபெயர்க்கையில் அவை ஒட்டுவதில்லை.

அவ்வாறாயின் (2)-ஐ எங்ஙனம் தமிழாக்குவது? பலரும் ‘இருந்திருந்தால்’ என்பதை நாடுகின்றனர். அது மெய்யின்மையைக் காட்டுவது உண்மையே. எனினும் முதன்மைத் தொடரும் அதனோடு ‘ஒப்புக்கொண்டிருப்பார்’ என்றாகி, செய்தி (3)-ஆக மாறிவிடும். ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் கடந்துபோகாத சூழலில் இது காலப்பிழை. தமிழின் சொந்தக் கருவிகள் வேறு: ‘மட்டும்’ என்னும் சொல்லும் ஏகார இடைச்சொல்லும். ‘அவர் மட்டும் நேர்மையானவராக இருந்தால் இதை ஒப்புக்கொள்வாரே’ என்பதில், அவர் அத்தகையவர் அல்லர் என்பது ஐயத்துக்கு இடமின்றிப் புலனாகிறது. ஆங்கிலம் வினைத்திரிபால் செய்வதைத் தமிழ் இடைச்சொல்லால் செய்கிறது. அகராதி நோக்கில் ‘மட்டும்’ என்பதற்கு மூலத்தில் நேர்ச்சொல் இல்லை என்று அதனை நீக்கும் பதிப்பாசிரியர், மூலத்தின் ஓர் உறுப்பையே நீக்கிவிடுகிறார்.

பேச்சு ஆங்கிலத்தில் ‘வேர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வாஸ்’ வருதல் பெருவழக்கு. ‘இஃப் ஹி வாஸ் ஆனஸ்ட், ஹி வுட் அட்மிட் இட்’ என்பது பொருளில் (2)-ஐ ஒத்ததே. இங்கு நிபந்தனைத் தொடரைத் தனியே வைத்துக்கொண்டு பொருள் தெளிய இயலாது. ‘இஃப் ஹி வாஸ் ஆங்க்ரி, ஹி டிட் நாட் ஷோ இட்’ என்பதிலும் ‘வாஸ்’ உண்டு. ஆயினும் இது உண்மையான இறந்தகாலம். அதற்குமேல், இங்கு ‘இஃப்’ என்பதே நிபந்தனைப்பொருள் நீங்கி ஒப்புதற்பொருள் பெறுகிறது. ‘அவருக்குக் கோபம் இருந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை’ என்பதே சரியான தமிழ். ‘இருந்தால்’ என்று எழுதினால் தொடர் பொருளற்றுப் போகும். முதன்மைத் தொடரில் ‘வுட்’ உண்டா என்று பார்த்த பின்னரே ‘வாஸ்’ என்பதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

இடப்பெயரை அப்படியே பெயர்ப்பதும் இடர் தரும். ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதை ‘நான் நீயாக இருந்தால்’ என்று பெயர்ப்பது ஆள்மாறாட்டக் கதைக்குத்தான் ஏற்கும். ‘உன் இடத்தில் நான் இருந்தால்’ என்பதே வழக்கு. மரியாதைக்குரியவரிடம் ‘உங்கள் இடத்தில்’ என்றாகும். ‘இஃப் யூ ஆர் லேட், தே டோன்ட் லெட் யூ இன்’ என்பதில் வரும் ‘யூ’ முன்னிலையாரைச் சுட்டுவதன்று. ‘தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள்’ என்று எழுவாயின்றி முடித்தால் போதும். ‘நீங்கள்’ என்று சேர்த்தால் பொதுவிதி எச்சரிக்கையாகிவிடும்.

வினையும் இடப்பெயரும் இன்றிப் பெயரடை மட்டுமே ‘இஃப்’ என்பதை அடுத்து வரும் சுருக்கங்களும் உள. ‘இஃப் பாசிபிள்’ என்பது ‘இயன்றால்’ எனவும், ‘இஃப் நெசசரி’ என்பது ‘தேவைப்பட்டால்’ எனவும் வினையாகிவிடுவது தமிழியல்பு. இவற்றில் சிக்கல் இல்லை. சிக்கல், ‘எ குட், இஃப் எக்ஸ்பென்சிவ், மீல்’ போன்ற தொடர்களில்தான். உணவு விலை மிகுந்தது என்பது இங்கு நிபந்தனையன்று, ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. ‘விலை அதிகமென்றால் நல்ல உணவு’ என்பது மூலத்தைத் தலைகீழாக்கும். ‘விலை அதிகமானாலும் நல்ல உணவு’ என்பதே கருத்து. ‘-ஆல்’ ஈற்றோடு ‘உம்’ ஒன்று சேர்ந்ததும் தொடர் நேராகிவிடுகிறது.