சுரம் எழுதியவரும் ஒலி சமைத்தவரும்

விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சி நாடகம், றொக் இசை, வீடியோ விளையாட்டு ஆகிய மூன்றினையும் ஒருங்கே விரும்புவோர் இன்று உலகெங்கும் உளர். தமக்குப் பிடித்தவை எவையென்று அவர்களைக் கேட்டால், நாடகத்தின் பெயரையும் இசைக்குழுவின் பெயரையும் விளையாட்டின் பெயரையும் அடுக்கிச் சொல்வர். இம்மூன்றையும் உள்ளூர இணைப்பது ஒன்றுண்டு. அது மின்சாரத்திற் பிறந்த ஒலி. தோலும் நரம்பும் துளையும் தாராத அவ்வொலி இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். ஒரு காலத்தில் அதனைக் கத்தரித்து, ஒட்டி, அளந்து, கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. அவ்வாறு செய்தவர்களுள் ஒருவரின் பெயர் ஐம்பது ஆண்டுகள் திரையில் வாராதிருந்தது. வானொலி நேயர்கள் கண்ணினுஞ் செவியையே நம்புவோராதலின், அவ்வரலாறு அவர்களுக்கு உவப்பாயிருக்கும்.

1963 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி, சனிக்கிழமை மாலை, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சியில் 'டொக்டர் ஹூ' என்னும் தொடர்நாடகம் முதன்முறையாக ஒளிபரப்பாயிற்று. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு இறந்ததற்கு மறுநாள் அது. மக்களின் சிந்தை வேறெங்கோ இருந்தமையால், அடுத்த வாரம் முதற் பகுதியை மீண்டும் ஒளிபரப்பிவிட்டே இரண்டாம் பகுதிக்குச் சென்றனர். காலத்தையுங் கடந்து பயணஞ் செய்யும் ஒரு மனிதரின் கதை அது. தயாரிப்பாளர் வெரிற்றி லம்பேட் என்னும் இளம்பெண். முதற் கதையை நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசைன் இந்தியாவின் லக்னோ நகரிற் பிறந்தவர். கதையை மறந்தவர்களுங்கூட அதன் முகப்பிசையை மறந்திலர். ஆழத்தில் குதிரை பாய்வது போன்றதொரு துடிப்பு. அதன் மேலே ஊளையோ குழலோ என்று பிரித்தறிய இயலாத ஒரு குரல். இடையிடையே காற்று வீசி ஓய்வது போன்ற இரைச்சல். எந்த வாத்தியம் அது என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. வாத்தியம் எதுவும் இருக்கவில்லை என்பதே விடை.

அவ்விசைக்குச் சுரம் எழுதியவர் அவுஸ்திரேலியாவிற் பிறந்த ரொன் கிரெய்னர் என்னும் இசையமைப்பாளர். அவர் கொடுத்தது மிகச் சுருக்கமான ஒரு கையெழுத்துப் படி. மெட்டும் அடித்தாளமும் அதில் இருந்தன. எந்த இடத்தில் எவ்வகை ஒலி என்பதற்கு, காற்று என்றும் மேகம் என்றும் குமிழி என்றும் சொற்களால் மட்டுமே குறிப்பு இருந்தது. மேகத்தின் ஒலி யாது? அதனைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு டீலியா டார்பிஷயர் என்னும் இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் வந்தது. டிக் மில்ஸ் என்பவர் அவருக்கு உதவியாளர்.

டார்பிஷயர் 1937 இல் கொவென்ட்ரி நகரிற் பிறந்தவர். 1940 இல் ஜேர்மனிய விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசி அழித்தபோது அவர் சிறுமி. அபாயச் சங்கின் ஏற்ற இறக்கமும், ஆபத்து நீங்கியதென அறிவிக்கும் நெடிய ஓசையுமே தமக்கு முதலில் அறிமுகமான மின்னொலி என்று பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேர்ற்றன் கல்லூரியிற் கணிதமும் இசையும் கற்றார். பட்டம் பெற்று இசைத்தட்டு நிறுவனம் ஒன்றை அணுகியபோது, ஒலிப்பதிவுக் கூடத்திற் பெண்களை வேலைக்கு அமர்த்துவதில்லை என்ற பதிலே கிடைத்தது. 1960 இல் கூட்டுத்தாபனத்திற் சேர்ந்து, 1962 இல் 'ரேடியோபோனிக் வேர்க்ஷொப்' என்னும் பிரிவுக்குத் தாமே விரும்பிக் கேட்டுச் சென்றார்.

அப்பிரிவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். வானொலி நாடகங்களுக்கு வேண்டிய விசித்திர ஒலிகளைச் செய்வதற்காக 1958 இல், லண்டனின் மைடா வேல் பகுதியில் அது தொடங்கப்பெற்றது. கட்டடமோ முன்னாளிற் சக்கரச் சப்பாத்து அணிந்து சறுக்கி விளையாடும் மண்டபமாய் இருந்தது. தொடங்கியவர்கள் டெஸ்மன்ட் பிரிஸ்கோவும் டஃப்னி ஓரம் என்னும் பெண்மணியும். ஓரம் அம்மையார் அடுத்த ஆண்டே விலகி, படச்சுருளில் கோடு வரைந்து அதனை ஒலியாக மாற்றும் கருவியொன்றை அமைக்கச் சென்றுவிட்டார். அது தனியே பேசத்தக்க கதை. பிரிவுக்குக் கிடைத்த கருவிகள் பெரும்பாலும் பிற இடங்களிற் கழித்து விடப்பட்டவை. பொறியியலாளர் கம்பிகளைச் சோதிப்பதற்கு வைத்திருந்த அலையியற்றிகளே அங்கு வாத்தியங்களாயின.

அங்கே நிகழ்ந்த வேலையின் நுட்பம் எளிதில் விளங்கக்கூடியதே. ஒலிநாடாவில் பதிந்த ஓர் ஒலியை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் அது ஒரு ஸ்தாயி மேலே செல்லும். அரை வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஆகவே, இழுத்துக் கட்டிய கம்பியொன்றை ஒரேயொரு முறை மீட்டிப் பதிந்துகொண்டால், வேகத்தை மாற்றி மாற்றி அதிலிருந்தே எல்லாச் சுரங்களையும் பெறலாம். 'டொக்டர் ஹூ' இசையின் ஆழத் துடிப்பு அப்படிப் பிறந்தது. நாடா ஒரு செக்கனுக்கு 15 அங்குலம் ஓடுமானால், அரைச் செக்கன் நீளும் சுரம் ஏழரை அங்குலத் துண்டு. காற் செக்கன் சுரம் அதிற் பாதி. தாளம் அங்கே அடிக்கோலால் அளக்கப்படும் பொருளாயிற்று. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பதிந்து, சவர அலகினால் வெட்டி, அடுத்ததனோடு ஒட்டவேண்டும். மேலே கேட்கும் குரல் அலையியற்றியிற் பிறந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது வழுக்கிச் செல்வதற்காக, கருவியின் குமிழைக் கையாலேயே மெல்லத் திருப்பினார்கள். நம் வாத்தியக்காரர் கமகம் என்று விரலாற் செய்வதனை அங்கே குமிழாற் செய்தனர் எனலாம். காற்றொலிக்கு, எல்லா மீடிறன்களும் ஒருங்கே கலந்த வெண்ணிரைச்சலை எடுத்து, வேண்டாத பகுதிகளை வடித்துக் களைந்தனர்.

இத்தனையும் ஒட்டி முடிந்த பின்னர் வேறொரு தொல்லை எழுந்தது. பல தடங்களை ஒரே நாடாவிற் பதியும் இயந்திரம் அவர்களிடம் இருக்கவில்லை. துடிப்பு ஒரு நாடாவிலும், மெட்டு வேறொன்றிலும், இரைச்சல் இன்னொன்றிலும் இருந்தன. ஒரே கணத்திற் பல இயந்திரங்களையும் முடுக்கி, அவற்றின் ஒலியைக் கலந்து பதியவேண்டும். ஒருமுறை எங்கோ ஒரு சுரம் பிசகிற்று. எந்த நாடாவிலென்று புலப்படவில்லை. மைடா வேல் கட்டடத்தின் நீண்ட நடைகூடத்தில் நாடாக்களை அருகருகே விரித்து, ஒட்டுக்களை ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுக்கொண்டே நடந்து சென்று பிழையைக் கண்டனர் என்பர். இசையிற் பிழை தேட நடந்தே செல்லவேண்டிய காலம் அது!

முடிந்த வேலையைக் கேட்ட கிரெய்னர், இது தாம் எழுதியதுதானா என வியந்து வினவினார் என்றும், பெரும்பகுதி தாங்கள் எழுதியதுதான் என்று டார்பிஷயர் விடை பகர்ந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. கிரெய்னர் நேர்மையாளர். டார்பிஷயரின் பெயரைத் தம் பெயரோடு சேர்க்கவும், உரிமைப்பணத்திற் பாதியை அவருக்கு அளிக்கவும் முயன்றார். கூட்டுத்தாபனத்தின் விதி குறுக்கே நின்றது. வேர்க்ஷொப் பிரிவினர் இசையமைப்பாளர் அல்லர். சம்பளம் பெறும் உதவிப் பணியாளர். அவர்கள் ஆக்குவது இசையென்றே அழைக்கப்படவில்லை. 'விசேட ஒலி' என்றே ஏட்டிற் பதியப்பட்டது. திரையில் கிரெய்னரின் பெயரும் பிரிவின் பெயரும் தோன்றின. ஒலியைச் சமைத்தவரின் பெயர் தோன்றவில்லை.

விதியை வகுத்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. தச்சரும் தையற்காரரும் ஒப்பனைக்காரரும் கூடி உழைக்கும் ஒரு நிலையத்தில், ஒருவரைத் தனித்துப் பிரித்துப் பெயர் சொல்லல் முறையன்று எனக் கருதியிருப்பர். அந்த நியாயம் மற்றோர் இடத்தில் எவ்வளவு சறுக்கிற்று என்பதனை இந்நாடகத்திலேயே காணலாம். 1963 டிசெம்பரில் 'டாலெக்' என்னும் இயந்திரப் பகைவர் தோன்றிப் பிரித்தானியச் சிறுவரையெல்லாம் ஆட்கொண்டனர். அவர்களைக் கதையிற் படைத்த எழுத்தாளர் ரெறி நேஷனுக்குப் பெரும்பொருள் சேர்ந்தது. உருவத்தை வரைந்த றேமண்ட் குசிக் சம்பளப் பணியாளராதலின் சிறியதோர் அன்பளிப்புத் தொகையே பெற்றார். தாளில் எழுதியது ஆக்கம், பொருளிற் செய்தது கூலி வேலை என்ற பழைய பாகுபாடே இரண்டிலும் தெரிகின்றது. கிரெய்னரின் சுரங்களைப் பியானோவில் வாசித்தால் அது நல்லதொரு மெட்டு, அவ்வளவே. உலகம் நினைவில் வைத்திருப்பது அம்மெட்டைத் தாங்கி வந்த ஒலியையே.

டாலெக்குகளின் குரலும் அதே பிரிவிற் பிறந்தது. அதனைச் செய்தவர் பிரையன் ஹொட்ஜ்சன். 'ரிங் மொடியுலேற்றர்' என்னும் கருவி இரண்டு ஒலிகளைப் பெருக்கி, அவற்றின் மீடிறன்களின் கூட்டுத்தொகையையும் வேறுபாட்டையும் மட்டும் வெளிவிடும். செக்கனுக்கு 200 அதிர்வுள்ள மனிதக் குரலை 30 அதிர்வுள்ள அலையோடு பெருக்கினால் 230 உம் 170 உம் வெளிவரும், 200 மறைந்துவிடும். மனிதன் மறைந்து இயந்திரம் பேசுவது போலத் தோன்றுவதன் இரகசியம் இதுவே. காலயந்திரம் புறப்படும் ஓசைக்கு ஹொட்ஜ்சன் எடுத்த கருவி இதனினும் எளிது: தம் தாயாரின் வீட்டுத் திறப்பு. பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகள் மீது அதனை உரசிப் பதிந்தார்.

இனி, றொக் இசைக்கு இது சென்று சேர்ந்த வழி. 1966 இல் டார்பிஷயரும் ஹொட்ஜ்சனும் பீற்றர் சினோவியெவ் என்பாரோடு சேர்ந்து வெளியே தனிக்குழு ஒன்றை அமைத்தனர். அது நீடிக்கவில்லை. ஆயினும் சினோவியெவ் 1969 இல் நிறுவிய தொழிலகம் சிறிய சிந்தசைசர்களைச் செய்து விற்கத் தொடங்கிற்று. 'பிங்க் புளொய்ட்' குழுவினர் 1973 இல் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டில், 'ஒன் த ரன்' என்னும் பகுதியிற் சுழன்றோடும் ஒலி அத்தொழிலகத்தின் கருவியில் எழுந்ததே. அக்குழுவினரின் 1971 ஆம் ஆண்டு இசைத்தட்டிலும் 'டொக்டர் ஹூ' துடிப்பின் சாயல் ஓரிடத்தில் வெளிப்படையாகவே கேட்கும். டார்பிஷயரும் ஹொட்ஜ்சனும் டேவிட் வோர்ஹவுஸ் என்பாரோடு கூடி 1969 இல் 'வைட் நொய்ஸ்' என்ற பெயரில் ஒரு தட்டு வெளியிட்டனர். வந்த காலத்தில் அது பெரிதாக விலைபோகவில்லை. இன்றோ அரும்பொருளெனப் போற்றுகின்றனர்.

வீடியோ விளையாட்டுக்கு நேரான வாரிசுரிமை சொல்லுதல் இயலாது. எனினும், வாத்தியமின்றி வெறும் அதிர்விலிருந்து இசை சமைக்கும் அதே சிக்கலை அங்குள்ளோரும் எதிர்கொண்டனர். 1978 இல் ஜப்பானில் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் நான்கே நான்கு தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். பகைவர் நெருங்க நெருங்க அவை விரையும். விளையாடுவோனின் நெஞ்சுத் துடிப்பைக் கூட்ட அவ்வளவு போதுமாயிருந்தது. 1982 இல் வெளிவந்த 'கொமொடோர் 64' கணினியின் ஒலிச்சில்லில் மூன்று அலையியற்றிகளும், இரைச்சலும், ரிங் மொடியுலேற்றரும் அடங்கியிருந்தன. மைடா வேலில் மேசைமேசையாய் நிறைந்திருந்தவற்றின் சிறு வடிவம் ஒரு பிள்ளையின் படிப்பறைக்கு வந்துவிட்டது எனலாம்.

டார்பிஷயருக்கோ சிந்தசைசரின் எளிமை அத்துணை உவப்பாயிருக்கவில்லை. ஒலியைப் பிரித்து, எண்ணி, மீளக் கட்டுவதிலேயே அவர் இன்பங் கண்டார். 1967 இல் சகாரா பாலைவனத்து துவாரெக் மக்களைப் பற்றிய விவரணப் படத்திற்கு அவர் ஆக்கிய இசை இதற்குச் சான்று. பழைய பச்சை நிற உலோக விளக்கு மூடியொன்று அவர் கைக்கு மிக உகந்தது. அதனைத் தட்டி, ஓசை எழும் முதற்கணத்தை வெட்டியெறிந்து, எஞ்சிய ரீங்காரத்தின் உட்சுரங்களை ஒவ்வொன்றாய்க் கணித்து, அவற்றைப் பன்னிரண்டு அலையியற்றிகளால் மீண்டும் எழுப்பினார். பாலைவனத்து வெம்மைக் கானல் கேட்பவர் முன் நிற்கும்.

1973 இல் அவர் கூட்டுத்தாபனத்தை விட்டு நீங்கினார். பின்னர் எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியில் வானொலித் தொடர்பாளராகவும், ஓவியக் கூடத்திலும், புத்தகக் கடையிலும் வேலை பார்த்தார். அவர் செய்த முகப்பிசை சிறு மாற்றங்களோடு 1980 வரை வாராவாரம் ஒலித்தது. அதன் பின் பீற்றர் ஹவல் என்பார் சிந்தசைசரால் அதனைப் புதிதாய் அமைத்தார். வேர்க்ஷொப் பிரிவு 1998 இல் மூடப்பட்டது. டார்பிஷயர் 2001 ஜூலை 3 ஆந் திகதி காலமானார். நாடகத்தின் பொன்விழாவுக்கென 2013 நவம்பரில் ஒளிபரப்பான சிறப்புப் பகுதியிலேதான், முகப்பிசைக்கு உரியவர்களுள் ஒருவராக அவர் பெயர் திரையில் முதன்முறை எழுந்தது. கொவென்ட்ரிப் பல்கலைக்கழகம் 2017 இல், மறைவுக்குப் பின்னர், கலாநிதிப் பட்டம் வழங்கிற்று.

அவர் வீட்டு மேல்மாடத்தில் 267 ஒலிநாடாக்கள் கிடந்தன. அவை 2007 இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தை அடைந்தன. அவற்றுள் ஒன்றில், 1960 களின் பிற்பகுதியிற் செய்த ஒரு சிறு தாளத்துண்டு அகப்பட்டது. முப்பது ஆண்டுகளின் பின் இளைஞர் நடன மண்டபங்களில் முழங்கவிருந்த துடிப்பு அப்படியே அதில் இருந்தது. அதற்கு முன்னால் டார்பிஷயரின் குரலும் பதிந்திருக்கின்றது: இதனைப் பொருட்படுத்த வேண்டாம், வெறும் ஆர்வத்திற்காக வைத்தது என்று.