இருநூறு புள்ளி

குன்றக்குடி மலையடிவாரத்தில், சண்முகநாதர் கோயிலுக்குப் போகிற பாதையில் அவருடைய வீடு. திண்ணையை ஒட்டிய சின்ன அறைதான் ஆபீஸ். இருபது வருஷத்துக்கு மேலாக இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மாலை ஆறு மணிக்கு மேல் தொழில் போனை எடுப்பதில்லை. நான் போயிருந்த அன்று ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது.

"முதல் பிரீமியத்துல பாதிய நீங்களே போட்ருவீகளாமே?"

"அது நம்மகிட்ட நடக்காதுண்ணே" என்று வைத்துவிட்டார்.

கமிஷனில் பங்கு கொடுத்து ஆள் பிடிப்பது 1938ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி குற்றம். கொடுப்பவரைப் போலவே வாங்குபவருக்கும் அது பொருந்தும். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அவர் சட்டத்தைக் காரணம் காட்டவில்லை. "தள்ளுபடிக்கு வர்றவரு ரெண்டாம் வருஷம் கட்ட மாட்டாரு. பாலிசி லேப்ஸாகும். நடுவுல ஏதாவது ஒண்ணுன்னா அந்த வீட்டம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். இருநூறுக்குப் பக்கமாக வந்ததும் புதிதாகத் தேடிப் போவதை நிறுத்திவிட்டாராம். செட்டிநாட்டு நகரத்தார் கல்யாணமான ஒரு ஜோடியை ஒரு புள்ளி என்பார்கள். கோயில் வரியே புள்ளிக் கணக்கில்தான். இவரும் தன் வாடிக்கையாளர்களை அப்படித்தான் எண்ணுகிறார். கணக்கு எளியது. வருஷத்துக்கு 30,000 ரூபாய் பிரீமியம், புதுப்பிப்புக் கமிஷன் நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஒரு புள்ளிக்கு 1,500 ரூபாய். இருநூறு புள்ளிக்கு 3 லட்சம். எல்லோரும் விடாமல் கட்டினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அதனால் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் அவருடைய பிழைப்பு முழுவதும் இருக்கிறது.

அவர் தேடுவது பணக்காரர்களை அல்ல. கட்ட முடிகிற தொகையைச் சொல்கிறவர், மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுகிறவர், உடம்பில் இருப்பதை மறைக்காதவர். இந்த மூன்றாவதின் அருமையை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். என் அப்பாவுக்குப் பாலிசி எழுதியவர் இவர்தான். சர்க்கரை இருப்பதைப் படிவத்தில் எழுதியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பிரீமியம் கூடிவிடும் என்று அப்பாவுக்குக் கோபம். கூடத்தான் செய்தது. இரண்டாம் வருஷமே அப்பா போய்விட்டார். பாலிசி போட்டு மூன்று வருஷத்துக்குள் மரணம் என்றால் விசாரணை வரும். வந்தது. மறைத்தது ஒன்றும் இல்லாததால் தொகை முழுதாக அம்மாவின் கணக்குக்கு வந்தது. காரியம் முடிந்த மறுநாள் காலையில் 3783 எண்ணுள்ள கிளெய்ம் படிவத்தோடு அவரே வந்து, "ஆச்சி, இங்கன ஒரு கையெழுத்து" என்று விரல் வைத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆயிரம் வீடு வைத்திருக்கும் ஏஜெண்டுக்கு அந்தக் காலை நேரம் கிடைத்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த மண்ணுக்கு இன்சூரன்ஸ் புதிதல்ல. யுனைடெட் இந்தியா நிறுவனத்தை நடத்திய கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் அதற்காகத் திட்டமிட்ட கட்டடம்தான், 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமான பிறகு, 1959இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறக்கப்பட்டது. ஏஜெண்ட் என்ற சொல் அதற்கும் முன்பே இங்கே புழங்கியது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப் போனவர்களின் கடைகளை நடத்திய ஏஜெண்டுகளுக்கு மூன்று வருஷத் தவணை. தவணை முடிந்தால் ஊருக்கு வந்து குடும்பத்தோடு இருக்கலாம். அதுவரை பெண்டாட்டி பிள்ளைகள் கடிதத்தில்தான். அந்த வீடுகள் கொடுத்த விலை பெரிது.

இவருக்குத் தவணை ஆறு மணியோடு முடிகிறது. தை மாதம் மட்டும் ஓய்வு இன்னும் கொஞ்சம் நீளும். வரிச் சலுகைக்காக மற்ற ஏஜெண்டுகள் ஓடியாடிப் பாலிசி பிடிக்கிற காலம் அது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடைபயணம் புறப்படுகிற காலமும் அதுவே. இவரும் நத்தம், திண்டுக்கல் என்று கூடவே நடக்கிறார். தொழில் போன் வீட்டு மாடத்தில் இருக்கும். அவசரம் என்றால் மகள் எடுப்பாள்.

நோட்டைப் புரட்டினேன். தை மாதப் பக்கத்தில், பிரீமியத் தேதிகளுக்கு நடுவே சிவப்பு மையில் கட்டம் போட்டு 'நடை' என்று எழுதியிருந்தது. அந்த நாள்களில் கட்டவேண்டியவர்களுக்கெல்லாம் மார்கழியிலேயே சொல்லியாகிவிட்டது என்பதற்கு, பெயருக்குப் பெயர் ஒரு டிக்.