நல்லதங்காளும் நமது சட்டமும்

பெண்ணொருத்தி கொலை செய்தாள் என்று பத்திரிகையில் செய்தி வந்துவிட்டால், அன்று வேறு விஷயத்துக்கு ஜனங்கள் காது கொடுப்பதில்லை. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பனியன் கம்பெனியிலிருந்து வெளிவருவோர் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து அதைப் படிக்கிறார்கள்; படித்ததைப் பக்கத்திலிருப்பவரிடமும் சொல்லுகிறார்கள். ஆண் கொலை செய்தால் அது வெறும் செய்தி. பெண் கொலை செய்தால் அது கதையாகிவிடுகிறது. கதையில் ருசி உண்டு, விசாரணை கிடையாது. அவள் ஏன் அதைச் செய்தாள், எத்தனை காலம் எதைப் பொறுத்தாள் என்று கேட்போர் அரியர். இதை நாம் இன்று கேட்க விரும்புகிறோம்.

நம் தேசத்துச் சிறைகளில் அடைபட்டிருப்போரில் பெண்கள் நூற்றுக்கு நாலு பேர்தான். அந்தச் சிலரிலும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் எல்லோரும் ஒரே தன்மையினர் அல்லர். கோயிலுக்கு வரும் பெண்களோடு பழகி, சயனைடு கொடுத்துக் கொன்று, நகைகளைக் கவர்ந்த ஒருத்தி 2007ல் பெங்களூரில் பிடிபட்டாள். அத்தகையோருக்காக நாம் வாதாட வரவில்லை. ஆண்டுக்கணக்காக அடியும் உதையும் அவமானமும் பட்டு, போக்கிடமின்றி நின்று, கடைசியில் கணவனையோ, தன்னோடு தன் குழந்தைகளையோ அழிக்கத் துணிந்த பெண்ணைப் பற்றியே நம் பேச்சு. அவளை அளப்பதற்குச் சட்டத்தினிடம் சரியான அளவுகோல் இருக்கிறதா?

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நகலை மெக்காலே முதலியோர் 1837ல் எழுதினர்; அது 1860ல் சட்டமாயிற்று. அதன் 300வது பிரிவு, கொலை இன்னதென்று சொல்லிவிட்டு, சில விலக்குகளையும் கூறியது. முதல் விலக்கு, கடுமையானதும் திடீரென்று நேர்ந்ததுமான ஆத்திரமூட்டலால் தன்னை அடக்கும் சக்தியை இழந்து ஒருவன் பிறரைக் கொன்றால், அது கொலையாகாத மரணக் குற்றம் என்பது. அதாவது குற்றம் உண்டு, தண்டனையும் உண்டு; ஆனால் தூக்கோ கட்டாய ஆயுள் தண்டனையோ இல்லை. மனித சுபாவத்தை அறிந்து செய்த ஏற்பாடுதான். ஆனால் யாருடைய சுபாவத்தை? "திடீரென்று" என்ற அந்த ஒரு சொல்லில்தான் சங்கடமெல்லாம் அடங்கியிருக்கிறது. கண்ட மாத்திரத்தில் கொதித்து, கைக்கெட்டிய ஆயுதத்தை எடுத்து, எதிரியை நேருக்கு நேர் வெட்டி வீழ்த்தும் வல்லமை யாருக்கு உண்டோ அவருடைய கோபத்தைத்தான் அச்சொல் அறியும். தன்னைவிட வலியவனிடம் அடிபடும் பெண் அந்தக் கணத்தில் திருப்பியடிக்க மாட்டாள். அடித்தால் அவளே மடிவாள். அவளுடைய கோபம் உமிக்குள் கிடக்கும் நெருப்பைப் போன்றது. வெளியே தெரியாது, அணைவதும் இல்லை.

ஆண்கள் விஷயத்தில் அந்தச் சொல்லை நியாயஸ்தலங்கள் தாராளமாகவே நீட்டியிருக்கின்றன. 1881ல் சென்னை ஹைக்கோர்ட்டுக்கு வந்த போயா முனிகாடு வழக்கைப் பாருங்கள். தன் மனைவி வேறொருவனுடன் கூடியிருந்ததைக் கணவன் கண்டான். அன்றிரவு அவன் உண்ணவில்லை. மறுநாட்காலை கூலி வாங்கப் போன இடத்தில், மனைவி அந்த மனிதனோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து, அவனை வெட்டிக் கொன்றான். இடையில் ஒரு முழு இரவு கழிந்திருந்தும், முந்தின நாள் கண்ட காட்சியை மனதிற் கொண்டு, விலக்கின் சலுகையை அவனுக்குக் கோர்ட்டு அளித்தது.

பம்பாயில் 1959ல் நடந்த நானாவதி விவகாரம் தேசப் பிரசித்தம். கடற்படைக் கமாண்டர் ஒருவர் தம் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றார். ஜூரிகள் குற்றவாளியல்ல என்றனர். ஹைக்கோர்ட்டு அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. 1961ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. முன் நடந்த செயல்களால் மனத்தில் படிந்த நிலையையும் கவனிக்கலாம், ஆனால் கோபம் ஆறுவதற்கு அவகாசம் இருந்திருந்தால் விலக்கு இல்லை என்று அத்தீர்ப்பு வகுத்த விதி இன்றும் வழங்குகிறது. எனினும் 1964ல் கவர்னர் மன்னிப்பளித்து அவரை விடுவித்தார். பத்திரிகைகளும் பொதுஜனங்களும் அவர் பக்கம் நின்றது எல்லோரும் அறிந்ததே. அடிபட்டு அடிபட்டுக் கடைசியில் கையோங்கிய ஏழைப் பெண்ணுக்காக அத்தகைய ஆரவாரம் எழுந்ததுண்டா?

நம் தமிழ்நாட்டு நீதிபதிகள் இக்குறையைக் கண்டனர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க விஷயம். சுயம்புக்கனி என்ற பெண்ணின் வழக்கு 1989ல் சென்னை ஹைக்கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. கணவனின் கொடுமை தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்தவள் அவள். குழந்தைகள் மாண்டன, தாய் பிழைத்தாள், பிழைத்தவள் மீது கொலை வழக்கு வந்தது. நீதிபதிகள் பிறநாட்டுப் புத்தகங்களோடு நில்லாமல், நம் பாட்டிமார் சொல்லும் நல்லதங்காள் கதையை நினைவு கூர்ந்தனர். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டை நாடி வந்தாள் நல்லதங்காள். அண்ணி மூளி அலங்காரி அவளை அவமதித்தாள். பிறந்த வீட்டு வாசலும் அடைபடவே, பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தாள். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் இருக்கிறது. அவளைக் கொலைகாரி என்று தமிழுலகம் சொல்லவில்லை. கண்ணீர் விட்டது, கும்பிட்டது.

அந்தப் பெயரையே இந்த மனநிலைக்கு இட்டு, நீதிபதிகள் ஒரு புதிய கருத்தை நிலைநாட்டினர். திடீர் ஆத்திரமூட்டல் வேறு, நீடித்த ஆத்திரமூட்டல் வேறு. பின்னதில் பல கொடுமைகள் பல நாளாகச் சேர்ந்து குவிகின்றன. கடைசியாக நேர்வது அற்பமாகவும் இருக்கலாம். இது சட்டப் புத்தகத்திலுள்ள விலக்குக்குள் அடங்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதை ஒரு புதிய விலக்காகவே அவர்கள் சேர்த்து, கொலைக் குற்றத்தைக் குறைத்தனர். அத்தீர்ப்பைப் பின்பற்றிப் பின்னரும் சில வழக்குகளில் தண்டனை குறைந்தது. 2013ல் கௌஹாத்தி ஹைக்கோர்ட்டும், குடிகாரக் கணவனின் அடியைப் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் அவனை அடித்துக் கொன்ற ஒரு பெண்ணுக்கு இவ்விதமே இரங்கிற்று.

சென்னைத் தீர்ப்புக்கு மறு ஆண்டு, 1990ல், கனடாவின் சுப்ரீம் கோர்ட்டும் இதே வாசலுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. அத்தேசத்தின் பழைய கதையைச் சற்று அறிவது நலம். 1911ல் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆஞ்செலினா நபோலிடானோ என்ற இத்தாலியக் குடியேற்றப் பெண், தன்னை விபசாரத்துக்குப் போகும்படி நிர்ப்பந்தித்த கணவனை, அவன் தூங்கும்போது கோடாலியால் வெட்டிக் கொன்றாள். அப்போது அவள் கர்ப்பிணி. சில மாதங்களுக்கு முன்புதான் அவன் அவளை ஒன்பது இடங்களில் கத்தியால் குத்தியிருந்தான். அந்தச் சாட்சியத்தை நீதிபதி ஏற்க மறுத்தார். ஆறு மாதத்துக்கு முந்திய காயம் கொலைக்குச் சமாதானமானால் உலகில் அராஜகம்தான் மிஞ்சும் என்பது அவர் கருத்து. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பல தேசத்து ஜனங்கள் விண்ணப்பங்களை அனுப்பவே, அது ஆயுள் தண்டனையாயிற்று. 1922ல் அவள் விடுதலையானாள்.

எழுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த லவாலே வழக்கில் காலம் மாறியது. மானிடோபா மாகாணத்தைச் சேர்ந்த அப்பெண்ணை அவளுடன் வாழ்ந்தவன் பலமுறை அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தான். விருந்தினர் போனபின் உன்னைக் கொல்வேன் என்று அவன் மிரட்டிவிட்டு அறையை விட்டுத் திரும்புகையில், அவள் பின்னிருந்து சுட்டாள். ஜூரிகள் அவளை விடுவித்தனர். மேல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட்டு விடுதலையை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் பெர்த்தா வில்சன் என்ற பெண் நீதிபதி. ஓங்கிய கை தன்மேல் விழும்வரை அவள் காத்திருக்கத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்லக்கூடாது என்பதும், ஓயாமல் அடிபடுவோரின் மனநிலையை நிபுணர் சாட்சியத்தால் கோர்ட்டு அறியவேண்டும் என்பதும் அதன் சாரம். இதையொட்டிச் சிறையிலிருந்த பெண்களின் வழக்குகளை அந்நாட்டுச் சர்க்கார் மறுபரிசீலனை செய்வித்தது. 98 மனுக்களைப் பரிசீலித்த நீதிபதி ஏழு பேருக்கே பரிகாரம் சிபாரிசு செய்தார், கிடைத்தது ஐவருக்கு.

"இவ்வாறு இடங்கொடுத்தால் கொலை செய்த ஒவ்வொருத்தியும் அடிபட்டேன் என்று சொல்லமாட்டாளா?" என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதே கனடாவில் கார்லா ஹொமோல்கா என்பவள் அடிபட்ட மனைவி என்று சொல்லிக்கொண்டு, கணவனுக்கெதிராகச் சாட்சி கூறச் சம்மதித்து, 1993ல் 12 ஆண்டுச் சிறையோடு தப்பினாள். இளம் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளில் அவளும் மனமுவந்து கலந்தவளே என்பதைப் பின்னால் அகப்பட்ட வீடியோ நாடாக்கள் காட்டின. ஆகையால் சொல்லை மாத்திரம் நம்பாதீர்கள், சாட்சியத்தைக் கேளுங்கள் என்பதே இதிலுள்ள பாடம். 98 மனுக்களில் ஐந்துக்கே பலன் கிடைத்தது, விசாரணை இருந்தால் கதவு தானே திறந்துகொள்ளாது என்பதற்கு அத்தாட்சி. மேலும் நாம் கோருவது விடுதலையன்று; குற்றத்தின் தரத்தை உள்ளபடி அளப்பதுதான்.

தற்காப்பு என்பது வேறு. அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 2012 பிப்ரவரியில் மதுரையில் ஒரு தாய், குடித்துவிட்டு வந்து பெற்ற மகளையே பலாத்காரம் செய்ய முயன்ற கணவனை கிரிக்கெட் மட்டையால் அடித்தாள், அவன் இறந்தான். அப்போதைய போலீஸ் சூப்பரின்டென்டெண்டு அஸ்ரா கார்க், தண்டனைச் சட்டத்தின் 100வது பிரிவைக் காட்டி அவளைச் சிறைக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் ஆபத்து கண்ணெதிரே நிற்கும்போதுதான் அப்பிரிவு உதவும். நேற்றும் அடித்து, நாளையும் அடிக்கப்போகிறவன் இன்று உறங்குகிறான் என்றால் அது உதவாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்நியர் எழுதிய சட்டத்தை அகற்றிவிட்டோம் என்று சொல்லி, பாரதிய நியாய சன்ஹிதை என்ற புதிய சட்டம் 2023ல் இயற்றப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் அமுலில் இருக்கிறது. 300வது பிரிவு 101 ஆயிற்று. 100வது பிரிவு 38 ஆயிற்று. ஆனால் "கடுமையானதும் திடீரென்று நேர்ந்ததுமான" என்ற மெக்காலே காலத்து அளவுகோல் அப்படியே இருக்கிறது. நம் மண்ணின் கதையிலிருந்து நம் நீதிபதிகள் 1989ல் வடித்தெடுத்த கருத்துக்கு அதில் ஒரு வரி இடமில்லை. பெயரை மாற்றிவிட்டு அளவுகோலை மாற்றாமல் விடுவதா சுதேசியம்?

இதனால் விளைவது என்ன? நல்லதங்காளுக்கு நீதி, வழக்கை விசாரிப்பவரின் இரக்கத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு தாய், இரு மகன்களுக்கு விஷம் கொடுத்துத் தானும் குடிக்கப்போகையில் தடுக்கப்பட்டாள். குழந்தைகள் இறந்தன. அவளுக்கு ஆயுள் தண்டனை. முன்கூட்டி விடுவிக்கலாம் என்று சிபாரிசு வந்தும், கொடூரமான குற்றம் என்று கூறிச் சர்க்கார் 2019ல் மறுத்தது. 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, சமூகத்துக்கு ஒழுக்க உபதேசம் செய்வது தன் வேலையல்ல என்று சொல்லி அவளை விடுவித்தது. அதற்குள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் போய்விட்டன. கொலையென்ற தீர்ப்பு நின்றபடியே நின்றது.

இதைத் திருப்பூர் நேயர்கள் ஏன் கருதவேண்டும்? தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் குடியிருக்கும் குடும்பங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. தையலிலும் செக்கிங்கிலும் பிசிறு வெட்டுவதிலும் பெண்கள் உழைக்கிறார்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு பகுதி சர்க்கார் மதுக்கடைக்குப் போகிறது. மீதிக்காகச் சண்டை வருகிறது. சொந்த ஊரானால் மாமன் மச்சான் வந்து தட்டிக்கேட்பான். இங்கே அடுத்த அறைக்காரர் பெயர்கூடத் தெரியாது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் கொடுமை கண்டவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல சர்வே கூறுகிறது. பனியன் நகரம் அதற்கு விலக்காக இருக்க முடியாது.

2005ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடைச் சட்டம், வாடகை வீடாயினும் அதில் வசிக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. 181 என்ற எண்ணில் இரவும் பகலும் உதவி கேட்கலாம். மாவட்டத்துக்கு ஒரு சேவை மையம் உண்டு. அங்கே ஐந்து நாள் தங்கலாம். ஆறாம் நாள் எங்கே போவது? ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரை மணிக்கு வெளிவருபவள், பகலில் மாத்திரம் திறந்திருக்கும் அலுவலகத்தில் எப்போது முறையிடுவது?

எனவே நாம் சொல்வது இரண்டு. ஒன்று, நீடித்த கொடுமையும் ஆத்திரமூட்டலே என்று 101வது பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்கும்படி பார்லிமெண்டை வற்புறுத்த வேண்டும். மற்றொன்று நம் கையிலேயே இருக்கிறது. கூலி உயர்வுக்குக் கொடிபிடிக்கும் தொழிற்சங்கங்களும், ஏற்றுமதியால் செல்வம் கண்ட முதலாளிகளும் சேர்ந்து, அடிபட்ட பெண் குழந்தைகளோடு வந்து மாதக்கணக்கில் தங்க விடுதி ஒன்றைத் திருப்பூரில் அமைக்கலாம். சங்கக் கூட்டங்களில் போனஸைப் போலவே இதையும் பேசலாம். தன் வீட்டில் கையோங்கும் உறுப்பினனைச் சங்கம் தட்டிக்கேட்கலாம்.

நல்லதங்காளுக்குக் கோயில் கட்டியவர்கள் நாம். அவளுக்கு முதலில் வேண்டியிருந்தது கோயிலன்று. தட்டினால் திறக்கும் ஒரு கதவு.