நீரில் கரையாத நீலம்

திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. அறுத்த செடியைத் தொட்டியில் அமுக்கி ஊறவைத்தால், தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். அந்தச் சாற்றை வேறு தொட்டிக்கு இறக்கி அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் படப்பட நீலம் பிறக்கும். கலக்குவதை நிறுத்தியதும் அது சேறாக அடியில் படிந்துவிடும்.

இந்தப் படிதல்தான் விந்தை. நீல நிறமியான இண்டிகோவின் மூலக்கூறில் நைட்ரஜன்–ஹைட்ரஜன் தொகுதி இரண்டு, கார்பன்–ஆக்சிஜன் தொகுதி இரண்டு. நான்குமே முனைவுள்ளவை, தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளக்கூடியவை. 'ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்' என்ற பள்ளிப் பாடத்தின்படி இது கரைந்திருக்க வேண்டும். லிட்டருக்குக் கரைவதோ ஏறத்தாழ 1 மில்லிகிராம்!

அந்த ஹைட்ரஜன்கள் ஏற்கெனவே அதே மூலக்கூறின் ஆக்சிஜன்களோடும், படிகத்தில் அண்டை மூலக்கூறுகளின் ஆக்சிஜன்களோடும் பிணைந்திருக்கின்றன. தட்டையான மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டும் இருக்கின்றன. படிகம் உருக ஏறத்தாழ 390 டிகிரி செல்சியஸ் தேவை. இத்தனை கட்டுகளையும் அவிழ்க்கும் அளவுக்குத் தண்ணீருக்கு ஈடு எதுவும் கிடைப்பதில்லை.

படிகம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. நைட்ரோபென்சீன் ஒரு திரவம். அதன் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 4.2 டிபை, தண்ணீருக்கு 1.85தான். ஆனாலும் லிட்டருக்குச் சுமார் 2 கிராமே கரைகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் வலைக்குள் பென்சீன் வளையத்துக்கு இடம் வேண்டும். அந்த இடத்தை விடுவதால் வலைக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட வலுவான ஹைட்ரஜன் பிணைப்பைத் தர நைட்ரோ தொகுதியால் இயலாது. ஆல்கஹால்களிலும் இதே கணக்குதான்: எத்தனால் எந்த விகிதத்திலும் கலக்கும், நான்கு கார்பன் நீண்ட பியூட்டனால் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 8 கிராம், ஆறு கார்பன் ஹெக்சனால் ஒரு கிராம்கூட இல்லை.

அவுரி இலைக்குள் இருப்பது இண்டிகன். அதில் குளுக்கோஸ் ஒட்டியிருப்பதால் தண்ணீரில் இறங்குகிறது. ஊறும்போது குளுக்கோஸ் கழன்றுவிடுகிறது. மீதமுள்ளது காற்றோடு சேர்ந்து நீலமாகிறது.

கரையாத அந்த நீலத்தைத் துணியில் ஏற்றச் சாயக்காரர்கள் கண்ட வழி அருமையானது. தாழியில் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். நொதிப்பு இண்டிகோவை ஒடுக்குகிறது. காரத்தில் அதன் ஆக்சிஜன்கள் எதிர்மின்சுமை பெறுகின்றன. மின்சுமையைத் தண்ணீர் இறுகப் பற்றிக்கொள்ளும், நிறமியும் கரையும். முக்கியெடுத்த துணி மஞ்சள்பச்சையாக வெளியே வந்து, காற்றில் நீலமாகிறது. இழைக்குள் மறுபடி கரையாத பொருளாகிவிடுவதால், எத்தனை முறை அலசினாலும் சாயம் தண்ணீரில் எளிதில் கரைந்து போவதில்லை.